பெங்களூருல ஸோம்பி வந்தா யாரு யாரோட அடிச்சுப்பாங்க: காமிக்ஸ் பண்ண நினைக்கிறவங்களுக்கு ஒரு கைடு

ஸோம்பி காமிக்ஸ் பண்ணணும்னு கிளம்புற நம்ம பசங்க நிறைய பேர் முதல்ல வரையுறது ஸோம்பியத்தான். கண்ணு வெளிய தொங்குது, தாடை பிஞ்சு போச்சு, பின்னாடி விதான சவுதா எரியுது. போஸ்டரா பாத்தா செமயா இருக்கும், ஆனா நாலாவது பக்கத்துல கதை படுத்துடும், ஏன்னா ஸோம்பிக்கு கடிக்கிறத தவிர வேற ஒண்ணும் வேணாம், ஆசை இல்லாத ஆள வச்சு எத்தனை பக்கம் ஓட்ட முடியும் சொல்லுங்க. கதைய இழுத்துட்டு போறது உயிரோட இருக்கறவங்க, அதுலயும் ரெண்டு மூணு கும்பலா பிரிஞ்சு ஒரே பொருளுக்கு அடிச்சுக்கறவங்க. அதனால இங்க ஸோம்பி வரையுறது பத்தி கம்மியாத்தான் இருக்கும், கும்பல் பத்திதான் ஜாஸ்தி. நான் இருக்கறது அல்சூர் பக்கம், எனக்கு தெரிஞ்ச ஊரு பெங்களூர், அதனால உதாரணம் எல்லாம் இங்கேர்ந்துதான் வரும், நீங்க தாராவிலயோ கரோல் பாக்லயோ இருந்தா உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

பேனாவ தொடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்கு பதில் எழுதுங்க: இவங்க எதுக்காக சண்டை போடுறாங்க? "பவர்க்காக", "பழிவாங்க" இதெல்லாம் பதில் இல்ல. கையால தொடுற மாதிரி, தீந்து போற மாதிரி, இத்தனை லிட்டர் இத்தனை கிலோன்னு அளக்குற மாதிரி ஒரு பொருள் வேணும். பெங்களூருக்கு அது தண்ணி, யோசிக்கவே வேணாம். இந்த ஊர் கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 900 மீட்டர் மேல உக்காந்திருக்கு, ஊருக்குள்ள பெரிய ஆறு கிடையாது. நம்ம குழாய்ல வர்ற காவிரி கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளி டி.கே.ஹள்ளில சுத்தமாகி, அங்கேர்ந்து ஹாரோஹள்ளி, தாத்தகுணின்னு ஸ்டேஜ் ஸ்டேஜா பம்ப் அடிச்சு சுமார் 500 மீட்டர் மேல ஏறித்தான் வருது. 2024 அக்டோபர்ல காவிரி திட்டத்தோட அஞ்சாவது ஸ்டேஜையும் (775 எம்எல்டி, அதாவது ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர்) திறந்து விட்டாங்க, அதுக்கு முன்னாடியே நாலு ஸ்டேஜ்ல ஒரு நாளைக்கு 1,450 எம்எல்டி, அதாவது 145 கோடி லிட்டர் வந்துட்டு இருந்துச்சு. இது பூரா கரண்ட்ல ஓடுது. கரண்ட் போச்சுன்னா மேட்டுல இருக்கற ஊருக்கு ஆறு தானா ஏறி வராது. ஆக ஸோம்பி கடிச்சு சாகுறதுக்கு முன்னாடியே ஊர் தாகத்துல சாக ஆரம்பிச்சிடும், உங்க முதல் இதழ் அங்கதான் தொடங்கணும்.

இதுக்கு கணக்கும் போட்டு வச்சுக்கோங்க, கணக்கு இருந்தா சீன் தானா வரும். அகதி முகாம்கள்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேத்து 15 லிட்டர்னு ஒரு குறைஞ்சபட்சம் வச்சுக்கறாங்க. 6,000 லிட்டர் டேங்கர் ஒண்ணு வந்தா 400 பேருக்கு ஒரு நாள். அதையே குடிக்க மட்டும்னு ஆளுக்கு மூணு லிட்டரா பிரிச்சா 2,000 பேர். இந்த 400க்கும் 2,000க்கும் நடுவுலதான் உங்க மொத்த சண்டையும் இருக்கு: யார் குளிக்கலாம், யார் துணி துவைக்கலாம், யார் நாக்க நனைச்சுட்டு போய் படுக்கணும்னு முடிவு பண்றது யாரு?

இப்ப கும்பல். இந்த ஊருக்கு கொள்ளை நோய் புதுசு இல்ல, 1898ல பிளேக் வந்தப்ப நெரிசலான பேட்டைய விட்டு ஜனங்க வெளிய போனாங்க, பசவனகுடியும் மல்லேஸ்வரமும் அப்படி விரிஞ்ச ஏரியாதான், கண்டோன்மென்ட் பக்கம் ஃப்ரேசர் டவுனும் அதுக்கு அப்புறம் அதே பயத்துல வந்ததுதான். இன்னிக்கு வெளிய ஓட காலி இடம் ஏது, மேலதான் ஓடணும். அதனால கும்பல உயரத்த வச்சு பிரிங்க, பாக்குறதுக்கும் நல்லா இருக்கும், கட்டத்துக்கு கட்டம் மேலேர்ந்து ஒரு கோணம், கீழேர்ந்து ஒரு கோணம்னு கிடைக்கும்.

முதல் கும்பல் அவுட்டர் ரிங் ரோடு அபார்ட்மென்ட்காரங்க. இருபது மாடி, கேட்ட மூடிட்டா கோட்டை, மாடில சோலார், பேஸ்மென்ட்ல சம்ப், ஜெனரேட்டருக்கு கொஞ்சம் டீசல். இவங்கள வில்லனா போடுறது ரொம்ப ஈஸி, அதனாலயே போடாதீங்க. அசோசியேஷன் செக்ரட்டரி ஒரு மேடம், எக்செல் ஷீட்ட நிறுத்தி பல நாள் ஆகியும் நோட்டுல கோடு போட்டு பிளாட் வாரியா தண்ணி கணக்கு எழுதுறாங்க, ஒரு சொட்டு கூட ஏமாத்தல, ஆனா அவங்க லிஸ்ட்ல வாட்ச்மேன் குடும்பத்துக்கும் வேலைக்கு வந்து மாட்டிக்கிட்ட அம்மாவுக்கும் பிளாட் நம்பர் கிடையாது. அந்த ஒரு காலி கட்டம் போதும், கத்தி எடுக்க வேணாம். அப்புறம் இருபதாவது மாடிக்கு லிஃப்ட் ஓடாதுன்னு ஞாபகம் இருக்கட்டும், 20 லிட்டர் கேன் 20 கிலோ, அத படியில தூக்கற ஆளுதான் அந்த பில்டிங்ல உண்மையான ராஜா, ஆனா அது அவனுக்கு தெரிய மூணு இதழ் ஆகும்.

ரெண்டாவது, மெட்ரோ மேல வாழுறவங்க. பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்டுலேர்ந்து எம்ஜி ரோடு வரைக்கும் பெரும்பாலும் தூண் மேலயே வருது, அதுக்கு அப்புறம் கப்பன் பார்க்ல மண்ணுக்குள்ள இறங்கிடும். ஸ்டேஷன் படிக்கட்ட அடைச்சுட்டா கீழ இருக்கறதுங்க மேல வர வழி இல்ல, தண்டவாளத்து மேலயே நடந்து இந்திராநகர், அல்சூர்னு போகலாம், ஊர்லயே பத்திரமான ரோடு அதுதான். ஆனா எம்ஜி ரோடு தாண்டி இருட்டு சுரங்கம், அதுக்குள்ள யார் போனாங்க, யார் திரும்பல, அத நீங்க பாத்துக்கோங்க. இவங்ககிட்ட பாதை இருக்கு, தண்ணி இல்ல, ஸ்டேஷன் கூரைல விழுற மழைய பிடிச்சு வைக்கிறாங்க. யாராவது அந்தப் பக்கம் போய்ட்டு வர சுங்கம் கேப்பாங்க, அது நியாயமா அநியாயமான்னு வாசகர் குழம்பணும்.

மூணாவது டேங்கர்காரங்க. 2024 கோடைல போர்வெல் எல்லாம் வத்தி ஊரே அல்லாடினப்ப சர்க்கார் டேங்கருக்கு ரேட் ஃபிக்ஸ் பண்ணிச்சு, அஞ்சு கிலோமீட்டருக்குள்ள 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய்னு. அப்ப லாரிக்காக ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்த யாருக்கும் இந்த கும்பல பத்தி விளக்கம் தேவையில்ல. இவங்ககிட்ட போர்வெல் இருக்கு, லாரி இருக்கு, ஆயிரம் அடிக்கு கீழ கிடக்கற தண்ணிய மேல கொண்டு வர மோட்டார் இருக்கு, ஆனா எல்லாத்துக்கும் டீசல் வேணும். டீசலும் ரொம்ப நாள் வச்சா கெட்டு போகும், வருஷக்கணக்குல ஸ்டாக் வைக்க முடியாது. ஆக அபார்ட்மென்ட்ல டீசல், டேங்கர்ல தண்ணி, நடுவுல மெட்ரோல வழி. மூணு பேருக்கும் மத்த ரெண்டு பேர் வேணும், மூணு பேரும் மத்த ரெண்டு பேர நம்பல. அவ்ளோதான், உங்க கதை ரெடி.

நாலாவது ஒண்ணு வேணும்னா அல்சூர் ஏரிக்கரை ஜனம். சோமேஸ்வரர் கோயில் சந்து, மார்க்கெட், திருவள்ளுவர் சிலை, தமிழ்ச் சங்கம், எல்லாம் நடந்து போற தூரம். கண்ணு முன்னாடி ஏக்கர் கணக்குல ஏரி, ஆனா வாய் வைக்க முடியாத தண்ணி, மணல்ல வடிகட்டி கொதிக்க வைக்கணும், கொதிக்க வைக்க விறகு வேணும், விறகுக்கு வெளிய போகணும். எனக்கு இவங்க மேல கொஞ்சம் பாசம் ஜாஸ்தி, அது தெரிஞ்சேதான் நான் இவங்கள ஹீரோவா போட மாட்டேன்.

ஒரு விஷயத்த மட்டும் கறாரா சொல்லிடுறேன். பெங்களூர், தண்ணி, தமிழ் ஆளு எழுதுறது, இந்த மூணும் சேந்தாலே உடனே கன்னட கும்பல் தமிழ் கும்பல்னு பிரிக்க கை துறுதுறுங்கும். வேணாம். 1991 காவிரி கலவரத்துல என்ன நடந்துச்சுன்னு வீட்ல பெரியவங்க இருந்தா கேளுங்க, 2016 செப்டம்பர்ல தமிழ்நாட்டு நம்பர் பஸ்ங்க எரிஞ்சத நாமளே பாத்தோம். காவிரிய வச்சு இன்னொரு தீ மூட்ட ஒரு காமிக்ஸ் தேவையில்ல, அதவிட அது பொய்யும் கூட, ஏன்னா நம்ம தெருவுல ஒரே குழாய்க்கு தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நாலும் வரிசைல நிக்குது, சண்டை வந்தா குடத்துக்கு முன்னாடி குடம் வச்சதுக்குத்தான் வருது. ஒவ்வொரு கும்பல்லயும் எல்லா பாஷையும் இருக்கட்டும். அப்பத்தான் தமிழ் பேசுறவனே தமிழ் பேசுறவனுக்கு வால்வ மூடுவான், அது இன்னும் வலிக்கும்.

ஸோம்பி ரூல் ரெண்டே ரெண்டு வரியில எழுதி சுவத்துல ஒட்டுங்க, அதுக்கு மேல வேணாம். நான் சொல்றது: மெதுவா நடக்கும், கண்ணு தெரியாது, சத்தம் கேட்டா வரும். சத்தம்னு வச்சுட்டா இந்த ஊர் உங்களுக்கு சும்மா சீன் சீனா குடுக்கும். மோட்டார் போட்டா சத்தம், ஜெனரேட்டர் சத்தம், லாரி சத்தம், அதாவது தண்ணி எடுக்குற ஒவ்வொரு வழியும் அதுங்கள கூப்பிடும். சாயங்காலம் கொட்டுற மழைல தகர ஷீட் சத்தத்துல மத்த எல்லா சத்தமும் அமுங்கிடும், அதனால ஜனங்க வெளிய வர்றது மழை நேரத்துல, மழை பட்டுனு நின்னா நடு ரோட்ல மாட்டுவாங்க. ரூல நடுவுல மாத்தாதீங்க, பத்தாவது பக்கத்துல காது கேக்காத ஸோம்பி பதினஞ்சாவது பக்கத்துல விசிலுக்கு திரும்பினா நம்ம காமிக்ஸ் வாசகர் விட மாட்டாங்க, இரும்புக்கை மாயாவி காலத்துலேர்ந்து ஓட்டை கண்டுபிடிச்சே பழகின கூட்டம் அது.

அடுத்து, யுத்தத்த எப்ப ஆரம்பிக்கிறது. எல்லாரும் முதல் இதழ்லயே துப்பாக்கிய தூக்கிடுறாங்க. இந்த வகைல எல்லாருக்கும் தெரிஞ்ச 'தி வாக்கிங் டெட்' 2003ல ஆரம்பிச்சு 2019ல 193வது இதழோட முடிஞ்சது, உள்பக்கம் பூரா கறுப்பு வெள்ளைதான். அதுல எதிர் கும்பல் தலைவன் முகத்தையே 100வது இதழ்லதான் காட்டுறாங்க, முழு யுத்தம் 115ல ஆரம்பிச்சு 126ல முடியுது, மொத்தம் 12 இதழ். அதாவது சண்டை குட்டி, அதுக்கு முன்னாடி கட்டின ஆளுங்கதான் பெருசு. நமக்கு நூறு இதழ் எல்லாம் கட்டாது, 24 பக்கம் கைல இருந்தா முதல் 16 பக்கம் வியாபாரம் நடக்கட்டும், பேரம், கடன், சின்ன ஏமாத்து, ஒரு கல்யாணம் கூட வைக்கலாம், மிச்சம் எட்டுல உடைங்க. உடையற காரணம் சின்னதா இருக்கட்டும், எட்டு லிட்டர் டீசல் மாதிரி.

ஸ்கிரிப்ட் எப்படி எழுதுறதுன்னு கேக்குறவங்களுக்கு ஒரு பக்கம் காட்டுறேன், இத அப்படியே ஃபார்மட்டா எடுத்துக்கலாம்.

பக்கம் 9. அஞ்சு கட்டம்.

கட்டம் 1, முழு அகலம்: மழை இப்பத்தான் விட்டிருக்கு. அல்சூர் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டு, பாதிக்கு மேல தகரம் அடிச்சு மூடியிருக்கு. கீழ டேங்கர், இன்ஜின் ஆஃப். வசனம் இல்ல.

கட்டம் 2: நாகராஜ் டேங்கர் மேல குந்தியிருக்காரு, கைல வால்வ திறக்குற ஸ்பேனர். "செல்விக்கா, டீசல் பதினஞ்சு லிட்டர்னு பேச்சு."

கட்டம் 3: செல்வி தகர இடுக்கு வழியா கேன நீட்டுறாங்க, கை மட்டும் தெரியுது. "ஏழுதாண்ணா இருக்கு. குழந்தைங்க இருக்கு, பாத்து ஊத்துங்க."

கட்டம் 4, சின்னது: வால்வு க்ளோசப். சரியா மூடல. கீழ கிடக்கற காலி பெயின்ட் டப்பால சொட்டுது. "டங்." "டங்."

கட்டம் 5: நாகராஜோட முதுகு. "எங்க பக்கமும் குழந்தைங்க இருக்கும்மா."

இந்த பக்கத்துல ஒரு ஸோம்பி கூட இல்ல, ஆனா சத்தத்துக்கு வரும்னு ரூல் படிச்சவனுக்கு அந்த டப்பா சத்தம் அடி வயித்துல கேக்கும். இன்னொண்ணு கவனிங்க, இத வேணும்னேதான் 9வது பக்கத்துல வச்சேன். இடமிருந்து வலமா படிக்கற புஸ்தகத்துல ஒத்தைப்படை பக்கம் வலது கைல வரும், அத படிச்சு முடிச்சாத்தான் தாள திருப்பணும். அதனால அதிர்ச்சி எப்பவும் இரட்டைப்படை பக்கத்துல இருக்கட்டும், 10வது பக்கம் முழுசா ஒரே கட்டம், ரோடு பூரா இருக்கற தலைங்க எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்கு. அத 9லயே வச்சீங்கன்னா 8 படிக்கறப்பவே கண்ணு அங்க ஓடிடும், போச்சு.

வரையுறதுக்கு முன்னாடி ஒரு மேப் போடுங்க, யார் எங்க, எந்த வழில போவாங்க, எது எவ்ளோ தூரம். நேர்ல போய் ஸ்கெட்ச் பண்ணுங்க, அல்சூர் ஸ்டேஷன்ல இறங்கி கீழேர்ந்து அந்த தூணுங்கள பாத்தாலே உயரம் மனசுல உக்காரும். அந்தப் பக்கம் எம்இஜி, மெட்ராஸ் சாப்பர்ஸ் இடம், ராணுவ ஏரியா, அங்க கேட் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு இருக்காதீங்க, கதைலயும் ராணுவம் ரெண்டு நாள்ல வந்து காப்பாத்தாதுங்கறதுக்கு ஒரு காரணம் யோசிச்சு வைங்க, வாசகர் முதல்ல கேக்குறது அதைத்தான். தம்ப்நெயில, அதாவது ஒவ்வொரு பக்கத்தோட குட்டி மாதிரிய, கால் பக்கம் சைஸ்ல கிறுக்குங்க, அதுலயே வசன பலூன் எங்க வருதுன்னு வட்டம் போட்டுடுங்க, ஏன்னா தமிழ் இடம் அடைக்கும். இங்கிலீஷ் காமிக்ஸ்ல ஒரு பலூன்ல இருவத்தஞ்சு வார்த்தை தள்ளுவாங்க, நமக்கு பன்னெண்டு தாண்டினா பலூன் கட்டத்த முழுங்கிடும். வசனத்த பேசிப் பாருங்க, மூச்சு வாங்குற இடத்துல வரிய உடைங்க, வார்த்தைய நடுவுல வெட்டி அடுத்த வரில போடாதீங்க.

லெட்டரிங்ல, அதாவது பக்கத்துல வசன எழுத்து போடுறதுல, நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரு தடவை அழுவாங்க. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் பழைய வெர்ஷன்ல செட்டிங்ஸ் மாத்தாம யூனிகோட் தமிழ பேஸ்ட் பண்ணா 'கொ'ல வர்ற கொம்பு எழுத்துக்கு பின்னாடி போய் நிக்கும், 'கை'யும் அதே கதி. டைப் ப்ரிஃபரன்ஸ்ல தெற்காசிய மொழிக்கான ஆப்ஷன் இருக்கும், இன்டிசைன்ல 'வேர்ல்டு ரெடி' கம்போசர், அத ஆன் பண்ணிட்டு புது டெக்ஸ்ட் லேயர் போட்டா சரியாயிடும். காசு இல்லாதவங்க கிரிட்டால வரைஞ்சு இங்க்ஸ்கேப்ல எழுத்து போடலாம், ரெண்டும் ஃப்ரீ, தமிழ் உடையாது. ஃபான்ட்டுக்கு கூகுள்ல கவிவனார் இருக்கு, கையெழுத்து மாதிரி லேசா சாஞ்சு இருக்கும், வசனத்துக்கு நல்லா போகும், கத்துறதுக்கும் சத்தத்துக்கும் பலூ தம்பி. சத்தத்த இங்கிலீஷ் காமிக்ஸ பாத்து காப்பி அடிக்காதீங்க, நம்மகிட்ட சடார், தொப்பு, மளுக், கடகடன்னு கொட்டிக் கிடக்கு, அத ஃபான்ட்ல போடாம கையால வரைஞ்சா இன்னும் நல்லது.

கறுப்பு வெள்ளைலயே பண்ணுங்க. செலவு ஒரு காரணம், இன்னொண்ணு ரத்தம் கறுப்பா இருந்தா அது ரத்தமா, டீசலா, தண்ணியான்னு ஒரு செகண்ட் சந்தேகம் வரும், இந்த கதைக்கு அத விட வேற என்ன வேணும். கோடு மட்டும் இருக்கற பக்கம் 600 டிபிஐ, சாம்பல் கலர் இருந்தா 300 போதும். புள்ளி புள்ளியா வர்ற டோன் போட்டா கடைசி சைஸ்லயே போடுங்க, அப்புறமா சின்னது பண்ணா கண்ண கூசற அலை அலையா விழும்.

பிரின்டுக்கு சுல்தான்பேட்டை பக்கம் போங்க, கல்யாண பத்திரிகை அடிக்கற கடைங்க நடுவுலயே வேலை தெரிஞ்ச பிரஸ் இருக்கு, தமிழ்லயே பேசலாம், "அண்ணா சென்டர் பின், ஏ5, உள்ள 90 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அட்டை 250 ஆர்ட் கார்டு"ன்னு சொன்னா மேல கேள்வி கேக்க மாட்டாங்க. சென்டர் பின்னுன்னா, அதாவது தாள நடுவுல மடிச்சு பின் அடிச்சா, பக்கம் நாலால வகுபடணும், 24, 28, 32, நடுவுல 26 எல்லாம் கிடையாது. நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (கட்டிங்ல வெட்டி எடுக்கறதுக்குன்னு படத்த ஓரம் தாண்டி நீட்டுறது) விட்டு, வசனம் எதையும் ஓரத்துல 8 மில்லிமீட்டருக்குள்ள வைக்காதீங்க, கட்டிங்ல கடைசி எழுத்து போயிடும். நூறு இருநூறு காப்பின்னா டிஜிட்டல், ஆயிரத்துக்கு மேல போனாத்தான் ஆஃப்செட்டுக்கு கணக்கு கட்டும். ஒரே ஒரு காப்பி ப்ரூஃப் வாங்கி கடைலயே நின்னு பக்கம் திருப்பி பாருங்க, ஸ்கிரீன்ல தெரிஞ்ச இருட்டு பேப்பர்ல இன்னும் இருட்டா விழும், ராத்திரி சீன் எல்லாம் ஒரு படி வெளுப்பாக்கி குடுங்க.

விக்கறதுக்கு வருஷா வருஷம் இங்க நடக்கற காமிக் கான்ல டேபிள் போடலாம், காசு ஜாஸ்தின்னா ரெண்டு மூணு பேர் சேந்து ஒரே டேபிள பகிர்ந்துக்கலாம். அங்க வர்ற கூட்டத்துல தமிழ் படிக்க தெரிஞ்சவங்க கம்மிதான், பேச தெரிஞ்சவங்க நிறைய, அதனால முதல் மூணு பக்கம் வசனமே இல்லாம வச்சீங்கன்னா புரட்டி பாக்குறவங்க கீழ வைக்க மாட்டாங்க. அட்டைல பெருசா '1'னு நம்பர் போடுறதுக்கு முன்னாடி ரெண்டாவது இதழோட ஸ்கிரிப்ட் முடிஞ்சுதான்னு பாத்துக்கோங்க, முடியலேன்னா நம்பர் போடாம விடுங்க, தனிக்கதையா போகட்டும். ரெண்டாவதுக்கு ஐடியா வேணும்னா கனகபுரா ரோடு இருக்கு, பைப்லைன் ஓரமாவே தாத்தகுணி, ஹாரோஹள்ளின்னு நூறு கிலோமீட்டர் நடந்து டி.கே.ஹள்ளி பம்ப்ப பிடிக்க நாலு கும்பல்லேர்ந்தும் ஆளுக்கு ஒருத்தர அனுப்புறாங்க. சிவனசமுத்திரத்துல 1902லேர்ந்து தண்ணில கரண்ட் எடுக்கறாங்க, கோலார் தங்கவயலுக்கு போன கரண்ட்டே அங்கேர்ந்துதான், அதையும் யாராவது ஒருத்தன் ஞாபகம் வச்சிருப்பான். ஆனா பம்ப் ஆன் பண்ணா என்ன சத்தம் கேக்கும்னு அவனுக்கும் தெரியும்.